கனடா நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் பகுதிநேர வேலைகளையும் பழைய வேலைகளையும் எழுதும் முறை

திறன்மிக்க தொழிலாளர்களைப் புள்ளி அடிப்படையில் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை வழியாகக் கனடாவின் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் பலர், மொழித்தேர்வுக்கும் கல்விச் சான்று மதிப்பீட்டுக்கும் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, வேலை விவரங்களை மட்டும் ஒரே இரவில் நிரப்பிவிடுகிறார்கள். அந்த அவசரத்தில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் சம்பளச் சீட்டு இல்லாத வேலைகள்தான்: மாலையில் எடுத்த டியூஷன், வார இறுதியில் செய்த புகைப்படத் தொழில், படிக்கும்போது சில மாதங்கள் பார்த்த டெலிவரி வேலை, அப்பாவின் கடையில் கூட இருந்து கணக்குப் பார்த்த காலம். இவற்றையெல்லாம் எழுத வேண்டுமா என்று கேட்டால், எழுத வேண்டும் என்பதே என் பதில். எந்தப் பகுதியில், எந்த அளவுக்கு எழுதுவது என்பதில்தான் கவனம் தேவைப்படுகிறது.

விண்ணப்பம் வேலையைப் பற்றி இரண்டு இடங்களில், இரண்டு வெவ்வேறு நோக்கங்களுக்காகக் கேட்கிறது. 'வேலை வரலாறு' என்ற பகுதி உங்கள் தகுதியையும் புள்ளியையும் கணக்கிடுவதற்கானது. அங்கே நீங்கள் கோரும் ஒவ்வொரு வேலையையும் ஆவணத்தால் நிரூபிக்க வேண்டும். 'தனிப்பட்ட வரலாறு' என்ற பகுதியோ பின்னணிச் சரிபார்ப்புக்கானது. கடந்த 10 ஆண்டுகள், அல்லது 18 வயது நிறைந்த நாள் முதல், இவற்றில் எது அண்மையதோ அதிலிருந்து இன்றுவரை, இடைவெளியே இல்லாமல் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அது கேட்கிறது. 'இந்த வேலைக்குப் புள்ளி கிடைக்காது, எனவே சொல்லத் தேவையில்லை' என்ற முடிவு, இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால் வருகிறது. புள்ளி கிடைக்காத வேலை முதல் பகுதியில் இல்லாமல் போகலாம். இரண்டாவதில் இருந்தே ஆக வேண்டும்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் சட்டம். கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, முடிவைப் பாதிக்கக்கூடிய முக்கியமான உண்மையைத் திரித்துச் சொல்வதையும் சொல்லாமல் மறைப்பதையும் ஒரே தட்டில் வைக்கிறது. அப்படி முடிவு செய்யப்பட்டால் 5 ஆண்டுகள் நாட்டுக்குள் அனுமதி இல்லை. அந்தக் காலத்தில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. படிவத்தை ஏஜென்ட் நிரப்பினார், எனக்குத் தெரியாது என்ற விளக்கம் பொதுவாக எடுபடுவதில்லை, ஏனெனில் உண்மை என்று உறுதியளித்துக் கையெழுத்திடுபவர் நீங்கள்.

படிவத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளிலோ எக்செல் அட்டவணையிலோ மாதவாரியாக உங்கள் பத்தாண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். ஞாபகத்தை மட்டும் நம்ப வேண்டாம். நியமனக் கடிதம், ரிலீவிங் லெட்டர், வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினால், நீங்கள் 2018 மார்ச்சில் விட்டதாக நினைத்த வேலை உண்மையில் மே மாதம்வரை நீண்டிருப்பது தெரியவரும். இந்திய விண்ணப்பதாரர்களுக்குப் படிவம் 26ஏஎஸ் பெரிய உதவி. யார் உங்களுக்குப் பணம் கொடுத்து வரி பிடித்தார்கள் என்பது அதில் ஆண்டுவாரியாக இருக்கும் என்பதால், நீங்களே மறந்துபோன ஃப்ரீலான்ஸ் வேலைகூட அதில் தென்படலாம். வேலை இல்லாமல் இருந்த மாதங்களையும் அப்படியே எழுதுங்கள். 'வேலை தேடிக்கொண்டிருந்தேன்', 'போட்டித் தேர்வுக்குப் படித்தேன்', 'அம்மாவைக் கவனித்துக்கொண்டேன்' என்பவை முறையான பதில்கள். வெட்கப்பட்டு அந்த மாதங்களை முந்தைய வேலையோடு ஒட்டிவிடுவதுதான் தவறு.

ஒரே காலத்தில் இரண்டு வேலைகள் இருந்தால் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று வருவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 2017 ஜூலை முதல் 2022 ஆகஸ்ட் வரை மென்பொருள் பொறியாளராக வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்த ஒருவர், இடையில் வார இறுதிகளில் திருமணப் படங்கள் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். தனிப்பட்ட வரலாற்றில் அவருக்கு இரண்டு வரிகள் வரும்: முதல் வரியில் நிறுவன வேலை, இரண்டாவதில் '2019 ஜூன் முதல் 2021 மார்ச் வரை, புகைப்படக் கலைஞர், சுயதொழில்' என்று ஊர், நாட்டோடு. விண்ணப்பத்தோடு இணைக்கும் விளக்கக் கடிதத்தில் அவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: 'முழுநேர வேலையைத் தொடர்ந்துகொண்டே, மாதத்துக்குச் சராசரியாக மூன்று திருமணங்களுக்குப் படம் எடுத்தேன். 2020 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை எந்த நிகழ்ச்சியும் இல்லை. இந்த வேலைக்கு நான் புள்ளி கோரவில்லை.' கடிதத்தை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுத வேண்டும். நீளமாக எழுதுவதால் நம்பகத்தன்மை கூடுவதில்லை.

அவர் புள்ளி கோராததற்கும் காரணம் இருக்கிறது. வாரத்துக்கு 30 மணி நேரம், ஆண்டுக்கு 1,560 மணி நேரம் என்பதே முழுநேர அனுபவத்தின் கணக்கு. 30க்கு மேல் உழைத்த மணி நேரம் கணக்கில் சேராது. ஏற்கெனவே 40 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு வார இறுதி வேலை அனுபவத்தைக் கூட்டாது. அதே பகுதிநேர வேலை மட்டுமே ஒருவருக்கு இருந்தால் நிலைமை மாறுகிறது: வாரம் 15 மணி நேரமாக 24 மாதங்கள் தொடர்ந்து ஊதியத்துடன் செய்திருந்தால் அது ஓராண்டு அனுபவமாகும். ஆனால் அந்தத் தொழில் கனடாவின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் டியர் (TEER, வேலைக்குத் தேவையான பயிற்சி, கல்வி, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றை வைத்துப் பிரித்த நிலை) 0, 1, 2, 3 ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். டெலிவரி ஓட்டுநர் வேலை டியர் 5இல் வருவதால் தகுதிக்கு உதவாது. ஊதியமில்லாத பயிற்சியும், சம்பளம் வாங்காமல் குடும்பக் கடையில் செய்த வேலையும் அப்படித்தான். இவையெல்லாம் தனிப்பட்ட வரலாற்றுக்கு உரியவை.

நிறுவனத்துக்குத் தெரியாமல் செய்த உபதொழிலை எழுதத் தயங்குபவர்களை நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேன். ஒப்பந்தத்தில் வேறு வேலை பார்க்கக் கூடாது என்று இருந்திருக்கும், அல்லது அந்த வருமானத்துக்கு வரிக்கணக்குக் காட்டியிருக்க மாட்டார்கள். இந்தப் படிவம் கேட்பது நீங்கள் அந்த மாதத்தில் என்ன செய்தீர்கள் என்பதை. பழைய முதலாளியின் மனவருத்தத்தையும் 5 ஆண்டுத் தடையையும் எடை போட்டால், எழுதிவிடுவதே சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வரி பாக்கி இருந்தால் ஆடிட்டரிடம் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

புள்ளி கோரும் வேலைக்கு ரெஃபரன்ஸ் லெட்டர் வேண்டும். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், பொறுப்பாளரின் பெயர், பதவி, கையெழுத்து, தொடர்பு விவரத்துடன், உங்கள் பதவி, முக்கியப் பணிகள், வேலை செய்த தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், சலுகைகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். நம் ஊர் எச்.ஆர். துறைகள் தரும் வழக்கமான அனுபவச் சான்றிதழில் பணிகளும் மணி நேரமும் இருப்பதில்லை; அதை மட்டும் இணைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நிறுவனம் மூடப்பட்டிருந்தாலோ கடிதம் தர மறுத்தாலோ, கேட்டு அனுப்பிய மின்னஞ்சல், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், படிவம் 16, உங்கள் மேலாளராக இருந்தவரின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றைச் சேர்த்து, ஏன் கடிதம் இல்லை என்பதை விளக்குங்கள். சுயதொழிலுக்கு, என் பணிகள் இவை என்று நீங்களே எழுதும் கடிதம் ஏற்கப்படாது. தொழில் உங்களுடையது என்பதற்கும் வருமானத்துக்கும் ஆதாரம் காட்டுவதோடு, என்ன சேவை பெற்றோம், எவ்வளவு கொடுத்தோம் என்று வாடிக்கையாளர்கள் தரும் கடிதங்களும் வேண்டும். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லிக் கனடாவின் குடிவரவுத் துறை அனுப்பும் அழைப்பு வந்த பின் 60 நாட்களே கிடைக்கும் என்பதால், இந்தக் கடிதங்களை அழைப்புக்கு முன்பே வாங்கி வைத்திருப்பது நல்லது.

கனடாவில் படித்துக்கொண்டே வேலை பார்த்தவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலையும், சுயதொழிலும் கனடிய அனுபவப் பிரிவில் (கனடாவில் வேலை பார்த்தவர்களுக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி பிரிவு) தகுதிக்குக் கணக்கில் வராது. வகுப்புகள் நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் என்ற வரம்பு 2024 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் அது 20; இடையே 2022 நவம்பர் முதல் 2024 ஏப்ரல் வரை அந்த வரம்பு பலருக்குத் தற்காலிகமாக விலக்கப்பட்டிருந்தது. வரம்பை மீறி வேலை பார்த்திருந்தால் மணி நேரத்தைக் குறைத்து எழுதாதீர்கள். படிவத்தைச் சமர்ப்பிக்கும் முன் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரையோ வழக்கறிஞரையோ பாருங்கள்.

முன்பு விசிட்டர் விசாவுக்கோ படிப்பு அனுமதிக்கோ விண்ணப்பித்திருந்தால், அன்று எழுதிய வேலைகளும் தேதிகளும் குடிவரவுத் துறையின் பதிவில் இருக்கும். பழைய நகலைத் தேடியெடுத்து ஒப்பிடுங்கள். முரண்பாடு இருந்தால், பழைய தவறுக்கு ஏற்ப இப்போது எழுதாமல், சரியானதை எழுதி, அன்று எப்படித் தவறு நேர்ந்தது என்று விளக்கக் கடிதத்தில் சொல்லுங்கள். சமர்ப்பித்த பிறகு விடுபட்ட வேலை ஒன்று நினைவுக்கு வந்தால், அதிகாரியிடமிருந்து கடிதம் வரும்வரை காத்திருக்காமல், துறையின் இணையப் படிவம் வழியாக நீங்களே திருத்தத்தை அனுப்புங்கள். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது வேலை மாறினாலும், புதிதாகப் பகுதிநேர வேலை ஒன்றைத் தொடங்கினாலும், அதையும் இதே வழியில் தெரிவித்துவிடுங்கள்.