குதிரையை ஓரடி பின்வாங்கப் பழக்குவது எப்படி? (புதியவர்களுக்கு)

கோலாலம்பூரில் குதிரையேற்றம் பழகப் போகிற நம் ஆட்களுக்குச் சேணத்தில் ஏறி உட்காரத்தான் அவசரம். தரையில் நின்று ஓரடி பின்னால் போகச் சொன்னால் கேட்காத குதிரை, மேலே உட்கார்ந்து கடிவாளத்தை இழுத்தால் மட்டும் கேட்டுவிடுமா?

காலை ஏழரைக்கே தொடங்கிவிடுங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை சீக்கிரம் காயாது, அதனால் குதிரைக்கும் உடல் சூடு லேசில் இறங்காது. ஹால்டர் (குதிரையின் தலையில் மாட்டும், வாயில் இரும்பு இல்லாத வார்), அதில் கட்டும் நீளமான கயிறு, கையுறை, கெட்டியான பூட்ஸ், ஹெல்மெட் போதும். பயிற்றுநர் பக்கத்தில் இருக்கட்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

முதலில், குதிரைக்கு நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். நெற்றிக்கு நேர் முன்னே இருப்பது அதற்குத் தெரியாது. ஹால்டருக்குக் கீழே கயிற்றைப் பிடித்து அதன் மார்பை நோக்கி மெதுவாக அழுத்துங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கிற பிராணி அது, உங்கள் விரல் பட்டாலே தெரியும். நகரவில்லையா, மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இப்போதுதான் கவனம் வேண்டும். தொடர்ந்து அழுத்தினால் எதிர்த்துத் தள்ளுவது குதிரையின் சுபாவம், அதனால் முதலில் உங்கள் மேல் சாயும், தலையைத் தூக்கும். அந்த நேரத்தில் பாவம் பார்த்துக் கையை விட்டீர்களென்றால், தலையைத் தூக்கினால் தொல்லை தீரும் என்று கற்றுக்கொடுத்துவிட்டீர்கள், அப்புறம் தினமும் தூக்கும். கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம், அப்படியே பிடித்திருங்கள். உடல் எடை பின்னால் சாய்கிற அந்த நொடியில், குளம்பு எழும்பும் முன்பே, சட்டென்று முழுதாக விட்டுவிடுங்கள். பாதி விடுவது விட்ட கணக்கில் சேராது. இரண்டு விநாடி தாமதித்தால், அந்த நேரத்தில் வேறு என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் சரி என்று எடுத்துக்கொள்ளும்.

விட்டபின் சும்மா நிற்க விடுங்கள், காதும் கழுத்தும் தளரட்டும். அடுத்த முறை ஓர் அடி, அப்புறம் இரண்டு. ஒவ்வொரு தடவையும் மறுபடி மெல்லிய தொடுதலிலிருந்தே ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் பலமாக அழுத்தினால்தான் நகரும் என்றாகிவிடும். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை என்றால் கூடுதல் பொறுமை வேண்டும், கடிவாளத்தில் சாய்ந்து ஓடியே பழகியிருக்கும்.

இடப்பக்கம் நின்று பழக்கியதை வலப்பக்கமும் தனியாகப் பழக்குங்கள், புதுப் பாடம்போலத்தான் முழிக்கும். காதை மடக்கினாலோ வாலை வீசினாலோ அன்றைக்கு எளிதான ஒன்றைச் செய்ய வைத்து நிறுத்திக்கொள்ளலாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் தாராளம்.