காரில் போனுக்குச் சார்ஜ் போடுவது எப்படி? சூடு ஏறாமல், ஃப்யூஸ் போகாமல்

செருகினால் ஏறிவிடும், இதற்கு ஒரு விளக்கமா என்று தோன்றும். ஆனால் சென்னையில் மேப் போட்டுக் கிளம்பும்போது 60 சதவீதம் இருந்த போன், கேபிள் செருகியபடியே இருந்தும் விழுப்புரத்தில் 52 காட்டும். இன்னொரு காரில் சார்ஜ் நன்றாக ஏறும், ஆனால் சார்ஜரைக் கழற்றப் போனால் கையைச் சுடும். முதலாவது, ஓட்டை மாறிச் செருகியதால் வருவது. இரண்டாவது லூசான சாக்கெட்டால் வருவது. இரண்டையும் வீட்டு வாசலிலேயே சரிபார்த்துவிடலாம்.

படி 1: எந்த ஓட்டை எதற்கு என்று பாருங்கள்

பெரும்பாலான கார்களில் இரண்டு இடம் இருக்கும். ஒன்று மியூசிக் சிஸ்டத்தின் யூ.எஸ்.பி. ஓட்டை, இன்னொன்று வட்டமான 12 வோல்ட் சாக்கெட். அந்தக் காலத்தில் சிகரெட் லைட்டர் வைத்திருந்த இடம் என்பதால் மெக்கானிக்குகள் இன்றும் லைட்டர் சாக்கெட் என்றே சொல்வார்கள்.

மியூசிக் சிஸ்டத்தின் யூ.எஸ்.பி. பாட்டு கேட்கவும் போனை இணைக்கவும் வைத்தது. பழைய மாடல்களில் அது தருவது 5 வோல்ட், 0.5 ஆம்பியர். அதாவது 2.5 வாட். திரை வெளிச்சம் முழுதாக, ஜி.பி.எஸ். ஓட, மொபைல் டேட்டாவும் ஓடினால் அவ்வளவையும் போனே தின்றுவிடும். பேட்டரிக்குப் போக ஒன்றும் மிஞ்சாது. புதிய கார்களின் டைப்-சி ஓட்டைகள் பரவாயில்லை. எத்தனை வாட் என்று காரின் கையேட்டில் போட்டிருக்கும்.

வட்ட சாக்கெட்டின் மூடியில் 12 வோல்ட், 120 வாட் என்றோ 10 ஆம்பியர் என்றோ அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான், 12-ஐ 10-ஆல் பெருக்கினால் 120. டயருக்குக் காற்றடிக்கும் பம்பு, வேக்குவம் கிளீனர், சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு பிரிப்பான் வழியாக ஒரே நேரத்தில் மாட்டினால் இந்தக் கணக்கு தாண்டிவிடும்.

படி 2: சார்ஜர் வாங்குவது

முதலில் போனோடு வந்த வீட்டுச் சார்ஜரில் பொடி எழுத்தில் உள்ள அவுட்புட் வரியைப் படியுங்கள். 9 வோல்ட், 2.22 ஆம்பியர் என்றிருந்தால் 20 வாட். கார் சார்ஜரும் அதே முறையில், அதே அளவு தர வேண்டும். ஐபோனுக்கும் பல ஆண்ட்ராய்டு போன்களுக்கும் பி.டி. (PD, அதாவது பவர் டெலிவரி என்ற வேக சார்ஜிங் முறை) என்று போட்ட டைப்-சி ஓட்டை வேண்டும். சில கம்பெனிகள் தங்களுக்கென்று தனி வேக சார்ஜிங் முறை வைத்திருக்கின்றன. அந்தப் போனைப் பொதுவான சார்ஜரில் போட்டால் கெடாது, மெதுவாக ஏறும், அவ்வளவுதான். அதிக வாட் சார்ஜரால் போன் வெடிக்கும் என்ற பயமும் வேண்டாம். எவ்வளவு வேண்டும் என்று போன்தான் கேட்டு வாங்கும்.

அட்டையில் 45 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தால், அது எல்லா ஓட்டைகளுக்கும் சேர்த்தா, ஒன்றுக்கா என்று பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் சேர்த்துத்தான்.

சிக்னலில் 100 ரூபாய்க்கு விற்கும் சார்ஜரை ஏன் தவிர்க்க வேண்டும்? சார்ஜரின் வேலை காரின் 12 வோல்ட்டை, இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை, போன் கேட்கும் 5 அல்லது 9 வோல்ட்டாகக் குறைப்பது. உள்ளே ஒரு சின்ன சிப் நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடி இதைச் செய்கிறது. மலிவான சார்ஜரில் அந்த சிப் தாங்கக்கூடியதைவிட அதிகம் எழுதி விற்பார்கள். சூடேறி அது திறந்த நிலையிலேயே கருகிவிட்டால் 12 வோல்ட் அப்படியே போனுக்குள் போகும். நல்ல சார்ஜரில் இந்த நிலையில் வெளியீட்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு தனியாக இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தாலே ஓரளவு தெரியும். இறகு போல லேசாக இருந்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை.

லாரி, பஸ் என்றால் பெரும்பாலும் 24 வோல்ட் பேட்டரி. இன்புட் 12-24 வோல்ட் என்று போட்ட சார்ஜர் மட்டுமே அங்கே ஆகும்.

படி 3: கேபிள்

ஒரு மீட்டர் போதும். நீளம் கூடினால் வழியிலேயே வோல்டேஜ் குறையும், சுருள் கியர் லீவரிலோ பெடலிலோ போய் மாட்டும். டைப்-சி கேபிள் 60 வாட் வரை சாதாரணமாகவே தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் என்று எழுதிய கேபிள் வாங்க வேண்டும். முனை அருகே உறை கிழிந்து வெள்ளிக் கம்பி தெரிகிற கேபிளைத் டேப் சுற்றிக் காரில் பயன்படுத்தாதீர்கள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது அது நசுங்கி ஷார்ட் ஆகும்.

படி 4: சாக்கெட்டைச் சோதியுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. காரை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துச் சாக்கெட்டின் உள்ளே பாருங்கள். நடுவே ஒரு புள்ளி தெரியும், அது பாசிட்டிவ். சுற்றுச் சுவர் நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவே ஒரு ஒரு ரூபாய் நாணயம் விழுந்தாலே ஷார்ட். தூசி, பிஸ்கட் தூள், பச்சை பிடித்த துரு இருந்தால் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, காய்ந்த பழைய டூத் பிரஷால் தேயுங்கள். தண்ணீர் தொட வேண்டாம்.

பிறகு சார்ஜரைச் செருகி லேசாக ஆட்டுங்கள். சார்ஜரின் நுனியில் ஸ்பிரிங் வைத்த முள், பக்கங்களில் இரண்டு தகடு. இவை இறுக்கிப் பிடித்தால்தான் மின்சாரம் தடையின்றிப் போகும். ஆட்டும்போது விளக்கு மினுக்கினாலோ, பள்ளத்தில் கார் இறங்கும்போதெல்லாம் போன் 'டிங்' என்று சத்தம் கொடுத்தாலோ தொடர்பு லூசு என்று அர்த்தம்.

லூசாக இருந்தால் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 வாட் சார்ஜர் காரிலிருந்து சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். தொடும் இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தால் அங்கே உருவாகும் சூடு 0.4 வாட், தெரியவே தெரியாது. லேப்டாப்புக்கும் சேர்த்து 60 வாட் சார்ஜர் மாட்டினால் 6 ஆம்பியர். மின்சாரம் மூன்று மடங்கு, சூடு ஒன்பது மடங்கு, 3.6 வாட். பட்டாணி அளவு முள்ளில் அவ்வளவு சூடு நின்றால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும். இளகினால் பிடி இன்னும் தளரும், சூடு இன்னும் ஏறும். அதனால் 15 நிமிடம் ஓட்டியபின் நிறுத்திச் சார்ஜரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்தச் சார்ஜரோ சாக்கெட்டோ, ஒன்றை மாற்ற வேண்டும்.

படி 5: முதலில் ஸ்டார்ட், பிறகு சார்ஜ்

செல்ஃப் அடிக்கும் நொடியில் பேட்டரி வோல்டேஜ் 12-லிருந்து 10-க்குக் கீழே கூட விழுந்து, இன்ஜின் பிடித்ததும் 14-க்கு ஏறும். நல்ல சார்ஜர் இதைச் சமாளிக்கும். எப்படியும் ஸ்டார்ட் செய்துவிட்டுச் செருகுவதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இன்ஜின் ஓடாமல் சார்ஜ் போட்டால் கார் பேட்டரி காலியாகிவிடுமா? 5000 மில்லி ஆம்பியர் போனை முழுதாக ஏற்ற, இழப்பையும் சேர்த்து, கார் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 2 ஆம்பியர் மணிதான் போகும். சின்ன காரின் பேட்டரியே 35 ஆம்பியர் மணி. போன் குற்றவாளி இல்லை. சாவியை ஆனில் வைத்து ஃபேனும் பாட்டும் ஓட விடுவதுதான் பேட்டரியைக் குடிக்கும். மூன்று நான்கு வருடம் ஓடி ஓய்ந்த பேட்டரி என்றால் மட்டும் அந்த 2 ஆம்பியர் மணியையும் யோசியுங்கள்.

சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். சாவியை எடுத்துக் கதவைப் பூட்டி 10 நிமிடம் கழித்தும் சார்ஜரின் விளக்கு எரிந்தால் உங்கள் கார் அந்த ரகம். சும்மா இருக்கும் சார்ஜர் 15 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்தாலும் ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் மணி. ஊருக்குப் போகும்போது கழற்றி வையுங்கள்.

படி 6: போனை எங்கே வைப்பது

டேஷ்போர்டின் மேல் வேண்டாம். கத்திரி வெயிலில் கண்ணாடி வழியாக இறங்கும் வெயில், மேப் ஓடும் சூடு, சார்ஜ் ஏறும் சூடு மூன்றும் ஒரே இடத்தில் சேரும். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி. நிறுத்திய காருக்குள் அது எளிதில் தாண்டிவிடும். லித்தியம் பேட்டரி 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏறினால் வேகமாகத் தேயும், அதனால்தான் போனே சார்ஜை நிறுத்திக்கொள்கிறது. அப்போது சார்ஜர் கெட்டுவிட்டது என்று திட்டாமல், தடித்த கவரைக் கழற்றி ஏசி காற்று படும்படி வையுங்கள்.

ஏசி வென்ட்டில் மாட்டும் ஹோல்டர் இதற்கு ஏற்றது. ஏர்பேக் விரியும் இடங்களில் ஒட்ட வேண்டாம். வயர்லெஸ் சார்ஜிங் வசதிதான், ஆனால் மின்சாரத்தில் ஒரு பங்கு சூடாகவே போகும். கவருக்குள் சாவியோ நாணயமோ இருந்தால் அதுவும் சுடும். பின்பக்கம் உப்பிய போனைக் காரில் அல்ல, எங்கேயுமே சார்ஜ் போடாதீர்கள்.

வாடகைக் காரின் யூ.எஸ்.பி.யில் செருகும்போது இந்தச் சாதனத்தை நம்பலாமா என்று போன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சார்ஜ் அப்போதும் ஏறும், உங்கள் தொடர்பு எண்கள் அந்தக் காருக்குப் போகாது.

ஃப்யூஸ் போனால்

சாக்கெட் திடீரென்று செத்தால் முதலில் ஃப்யூஸ். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பெட்டியின் மூடியில் எது எதற்கு என்று படம் இருக்கும். நிறமே ஆம்பியரைச் சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. போன நிறத்தையே போடுங்கள். நீலம் கிடைக்கவில்லை என்று மஞ்சளைப் போட்டாலோ, சாக்லேட் தாளைச் சுற்றினாலோ, அடுத்த முறை ஃப்யூஸுக்குப் பதில் வயர் எரியும். புது ஃப்யூஸ் சார்ஜரைச் செருகியதும் போனால் சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள். எதையும் செருகாமலே போனால் கோளாறு சாக்கெட்டிலோ அதன் பின்னால் ஓடும் வயரிலோ இருக்கிறது. அங்கிருந்து அது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை.