எச்டிஎம்ஐய கேட்6 கேபிள்ல இழுக்கப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

மாடில முகூர்த்தம், கீழ பந்தி, சாப்பிடற கூட்டமும் தாலி கட்டறத பாக்கணும்னு டைனிங் ஹால்ல ரெண்டு டிவி, வாசல்ல ஒண்ணு. இப்ப பாதி கல்யாண மண்டபத்துல இதான் செட்டப். கேமராக்காரர் டேபிள்ல இருந்து கீழ டிவி வரைக்கும் வயர் போற வழியா அளந்தா நாப்பது அம்பது மீட்டர் சாதாரணமா வந்துடும். சாதா எச்டிஎம்ஐ கேபிள் 1080பிக்கே பத்து பதினஞ்சு மீட்டர் தாண்டினா தகராறு பண்ணும், 4கே 60 ஃபிரேம்னா அஞ்சு மீட்டருக்கு மேல நம்பவே முடியாது. அதனால எக்ஸ்டெண்டர் ஒரு செட் (அனுப்பற பக்கம் டிரான்ஸ்மிட்டர், டிவி பக்கம் ரிசீவர்னு ரெண்டு பாக்ஸ்) வாங்கி நடுவுல கேட்6, அதாவது நெட்வொர்க் வயர், இழுத்துடறாங்க. ஐடியால தப்பே இல்ல. ஆனா ரெண்டு முனைலயும் ஆர்ஜே45, அதாவது லேன் பிளக், இருக்கறத பாத்துட்டு "இதுவும் நெட்வொர்க் தானே"ன்னு நெனச்சுடறாங்க பாருங்க, முக்காவாசி சொதப்பல் அங்க இருந்து தான் ஆரம்பிக்குது.

எக்ஸ்டெண்டர்னு ஒரே பேர்ல கடைல மூணு வேற வேற சாமான் விக்குது. முதல் வகை, ரொம்ப சீப்பா கிடைக்கறது, கரன்ட்டே வேண்டாம், ரெண்டு கேட்6 கேபிள் கேக்கும். எச்டிஎம்ஐ உள்ள இருக்கற சிக்னல அப்படியே கேட்6 ஜோடிகள்ல மாத்தி விடுது, வேற ஒரு வேலையும் அது செய்யறதில்ல. டப்பால 30 மீட்டர்னு போட்டிருப்பான், 1080பி பாதி தூரம் ஒழுங்கா போனாலே பெரிய விஷயம். மண்டபத்துக்கு இத வாங்கவே வாங்காதீங்க, அவ்ளோதான்.

ரெண்டாவது எச்டிபேஸ்டி. சாம்சங், எல்ஜி, சோனி பிக்சர்ஸ், வேலன்ஸ் நாலு பேரும் சேந்து 2010ல ஆரம்பிச்ச ஸ்டாண்டர்ட். ஒரே கேட்6 கேபிள், நல்ல செட்டா இருந்தா 1080பி 100 மீட்டர் வரைக்கும் போகும், படம் லேட் ஆகறதே தெரியாது. ஆனா இதுல ஓடறது ஈதர்நெட் இல்ல. 1080பி 60 எச்டிஎம்ஐல போறப்பவே செகண்டுக்கு கிட்டத்தட்ட 4.5 ஜிகாபிட் (ஜிபிபிஎஸ்), உங்க நெட்வொர்க் ஸ்விட்ச் போர்ட்டோ 1 ஜிபிபிஎஸ். அதனால ஏற்கனவே சுவத்துல இருக்கற லேன் பாயின்ட்ல சொருகி, ஸ்விட்ச் வழியா அனுப்பிடலாம்னு பாத்தா எதுவும் வராது. வராம போறதோட முடிஞ்சா பரவால்ல, அந்த ஸ்விட்ச் சிசிடிவி கேமராவுக்கு கரன்ட் குடுக்கற பிஓஈ ஸ்விட்சா இருந்தா எக்ஸ்டெண்டரே புகையக்கூட வாய்ப்பு இருக்கு. மண்டபத்துல கேமரா வயரும் இந்த வயரும் ஒரே ரேக்குக்கு தான் வரும், ரெண்டும் பாக்க ஒரே மாதிரி நீலமா இருக்கும். அதனால வீடியோ வயர் முனைல டேப் ஒட்டி மார்க்கர்ல பெருசா எழுதிடுங்க. இன்னொண்ணு, எச்டிபேஸ்டிலயே விலை கம்மியா வர்ற செட்டுங்க 1080பிக்கு 70 மீட்டர், 4கேக்கு 35, 40 மீட்டர்னு தான் இருக்கும். டப்பால பெரிய எழுத்துல போட்டிருக்கறது 1080பி கணக்கு, 4கே கணக்கு பின்னாடி பொடி எழுத்துல இருக்கும், திருப்பிப் பாருங்க.

மூணாவது ஐபி எக்ஸ்டெண்டர். இது வீடியோவ சுருக்கி நெட்வொர்க் பாக்கெட்டாவே அனுப்பும், ஸ்விட்ச் வழியா போகும், ஒரு டிரான்ஸ்மிட்டருக்கு நாலஞ்சு ரிசீவர் கூட போடலாம், மூணு நாலு டிவி இருக்கற மண்டபத்துக்கு இதான் சிக்கனம். இதுல பண்ற தப்பு நேர் எதிர். மண்டப வைஃபை ரவுட்டர் இருக்கற ஸ்விட்ச்லயே இதையும் சொருகிடுவாங்க. நெறைய மாடல் மல்டிகாஸ்ட்டா, அதாவது ஒரே வீடியோவ பல ரிசீவருக்கும் சேத்து, அனுப்பறதால சாதா ஸ்விட்ச் அந்த வீடியோவ எல்லா போர்ட்டுக்கும் வாரி இறைக்கும், யூடியூப் லைவ் விடற லேப்டாப் திணறும், ஆபீஸ் பில்லிங் கம்ப்யூட்டர் நின்னு போகும், எல்லாரும் சேந்து நெட் கம்பெனிக்காரன திட்டிட்டு இருப்பாங்க. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேக்கற போர்ட்டுக்கு மட்டும் வீடியோவ விடற வசதி) இருக்கற ஸ்விட்ச் போடணும், இல்லன்னா இதுக்குன்னு தனியா சின்னதா ஒரு ஸ்விட்ச் வாங்கி, வேற எதையும் அதுல சொருகாம விட்டுடணும், ரெண்டாவது வழி தான் என் ஓட்டு.

ஐபி வகைல லேட்டும் இருக்கு. சாப்பிடற எடத்துல அர செகண்ட் லேட்டா தாலி கட்டினா யாருக்கும் தெரியாது. ஆனா மேடைக்குப் பக்கத்துல இருக்கற எல்இடி வாலுக்கு இத குடுத்தீங்கன்னா பாடகர் வாய் ஒரு பக்கம், ஸ்பீக்கர் சத்தம் ஒரு பக்கம்னு போகும். மேடை ஸ்கிரீனுக்கு எச்டிபேஸ்டி இல்லன்னா எஸ்டிஐ (ப்ரொஃபஷனல் கேமரால வர்ற வீடியோ லைன்), கீழ டிவிகளுக்கு ஐபி, இப்படி பிரிச்சுக்கிட்டா நிம்மதி.

சரி, கேபிளுக்கு வருவோம், காசு மிச்சம் புடிக்கறேன்னு அதிகமா ஏமாறற எடம் இதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்6னு கேட்டா 305 மீட்டர் பாக்ஸ் ஒண்ணு நியாயமான விலைக்கும் பக்கத்துலயே இன்னொண்ணு பாதி விலைக்கும் கிடைக்கும். ரெண்டு பாக்ஸ் மேலயும் கேட்6ன்னு தான் அச்சடிச்சிருக்கும். பாதி விலைக்கு வர்றது பெரும்பாலும் சிசிஏ, அதாவது அலுமினிய கம்பிக்கு மேல லேசா செம்பு பூச்சு. ஒரு துண்டு வெட்டி, உள் கம்பி ஒண்ண எடுத்து பிளேடால சுரண்டுங்க. உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம். ரெண்டு மூணு தடவ மடக்கினாலே பட்டுனு ஒடியும், பாக்ஸ தூக்கினாலும் வெயிட் கம்மியா இருக்கும். செம்பு எவ்ளோ நல்லா கடத்துமோ அதுல 60 சதவீதம் போல தான் அலுமினியம் கடத்தும். இன்டர்நெட்டுக்கு இந்த வயர் எப்படியோ சமாளிச்சுடும், ஒரு பாக்கெட் போகலன்னா திரும்ப அனுப்பிக்கும். எச்டிஎம்ஐ வீடியோ ஓடிட்டே இருக்கற சிக்னல், அப்படி நின்னு திரும்ப அனுப்ப அதுக்கு நேரமே இல்ல. அதனால படத்துல மின்மினி மாதிரி புள்ளி புள்ளியா வரும், இல்ல நிமிஷத்துக்கு ஒரு தரம் டிவி கருப்பாகி திரும்ப வரும். இதுல ஒரு பக்கம் மட்டும் அடாப்டர் போட்டு மறுபக்கத்துக்கு கேபிள் வழியாவே கரன்ட் போற மாடலா இருந்தா இன்னும் மோசம், தூரத்து ரிசீவர் ஆன் ஆகி ஆகி ஆஃப் ஆகும். அதே காரணத்துக்காக தட்டையா அழகா இருக்குன்னு ஃபிளாட் கேபிளும் வாங்காதீங்க, உள்ள இருக்கறது நூல் மாதிரி கம்பி.

கிரிம்பிங்ல, அதாவது வயர் முனைல பிளக் மாட்டறதுல, ஒரு விஷமம் இருக்கு, டெஸ்டரே ஏமாந்துடும். "ரெண்டு பக்கமும் ஒரே கலர் வரிசைல போட்டா போதும்"னு ஆரஞ்சு ஜோடி, பச்ச ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடின்னு வரிசையா அடுக்கி பஞ்ச் பண்ணிடறாங்க. டெஸ்டர்ல 1ல இருந்து 8 வரைக்கும் லைட் அழகா ஓடும். ஆனா சிக்னல் 3ம் 6ம் ஒரு ஜோடி, 4ம் 5ம் ஒரு ஜோடின்னு தான் போகும், நீங்க போட்டதுல 3ம் 4ம் ஒண்ணா முறுக்கியிருக்கு, 5ம் 6ம் ஒண்ணா முறுக்கியிருக்கு. முறுக்கினதோட பலனே போச்சு, ஒரு ஜோடி சிக்னல் இன்னொண்ணுல கலக்கும். டி568பிங்கற ஸ்டாண்டர்ட் கலர் வரிசை இதான்: ஆரஞ்சு வெள்ள, ஆரஞ்சு, பச்ச வெள்ள, நீலம், நீல வெள்ள, பச்ச, பிரவுன் வெள்ள, பிரவுன். முறுக்க பிரிக்கறதும் பிளக் கிட்ட அர இஞ்சுக்கு மேல வேண்டாம். நடுவுல கப்ளர் போட்டு ரெண்டு வயர ஜாயின்ட் பண்றது, மிச்ச வயர இறுக்கி சுருட்டி ரிசீவர் பின்னாடி கட்டி வைக்கறது, ரெண்டுமே எச்டிபேஸ்டிக்கு ஆகாது.

வயர் போற வழியும் முக்கியம். சீரியல் செட்டு, மேடை லைட் டிம்மர், ஜெனரேட்டர் லைன் எல்லாம் போற அதே பைப்புல கேட்6ஐயும் சொருகினா காலைல டெஸ்ட் பண்றப்ப ஒண்ணும் தெரியாது, சாயந்திரம் ரிசப்ஷனுக்கு லைட் எல்லாம் போட்டதும் படம் வெட்டும். கரன்ட் லைன விட்டு தள்ளி கொண்டு போங்க, குறுக்க போயே ஆகணும்னா நேர் குறுக்கா கடந்து போகட்டும். 4கே அனுப்பறதா இருந்தா ஷீல்டட் கேபிள் (உள்ள மெட்டல் உறை இருக்கறது) போடுங்க, ஆனா அதுக்கு பிளாஸ்டிக் ஆர்ஜே45 போட்டா ஷீல்டு எங்கயும் சேராம தொங்கும், மெட்டல் பிளக் தான் போடணும்.

வயர் எல்லாம் பக்கா, ஆனாலும் "நோ சிக்னல்"னு வருதா? அப்ப ஈடிஐடிய பாருங்க. ஒவ்வொரு டிவியும் "என்னால இவ்ளோ ரெசல்யூஷன் காட்ட முடியும்"னு சொல்ற ஒரு தகவல் அது. ஒரு சிக்னல பல டிவிக்குப் பிரிக்கற ஸ்பிளிட்டர்ல மூணு டிவிய மாட்டி அதுல ஒண்ணு பழைய 720பி டிவியா இருந்தா, சில ஸ்பிளிட்டர் எல்லாத்தையும் 720பிக்கு இறக்கிடும், சிலது முதல் போர்ட்ல இருக்கற 4கே டிவி சொல்றத கேட்டு 4கே விட்டு மத்த ரெண்டையும் கருப்பாக்கிடும். எக்ஸ்டெண்டர்லயோ ஸ்பிளிட்டர்லயோ குட்டி டிப் ஸ்விட்ச் இருந்தா 1080பின்னு கட்டி போட்டுடுங்க. பந்தில உக்காந்து இல பாத்து சாப்பிடறவருக்கு 4கே எதுக்குங்க?

லேப்டாப்ல ஓடிடி போட்டா மட்டும் கருப்பு, மத்ததெல்லாம் வருதுன்னா அது எச்டிசிபிங்கற, காப்பி எடுக்க விடாம தடுக்கற பூட்டு, வயர மாத்தி பிரயோஜனம் இல்ல. வீடியோ மிக்ஸருங்க பெரும்பாலும் அந்த சிக்னல எடுக்காது. மேக்புக்கா இருந்தா வெறும் போட்டோ ஸ்லைடுக்கு கூட இப்படி ஆகலாம், அந்தப் பக்கம் எச்டிசிபி தெரிஞ்ச சாமான் இருந்தாலே பூட்டு போட்டுடும். பொண்ணு மாப்ள ஸ்லைடுஷோவ சாதா விண்டோஸ் லேப்டாப்ல காப்பி பண்ணி ஓட்டறது நல்லது.

அடாப்டர் மாறிப் போறதும் அடிக்கடி நடக்கும். 12 வோல்ட் செட்டோடது 5 வோல்ட் செட்டுக்குப் போனா கத முடிஞ்சது, போன் சார்ஜர் குடுத்தா ஆம்பியர் பத்தாம பாதில தூங்கும். பாக்ஸோட சேத்து டேப் போட்டு ஒட்டிடுங்க.

புதுசா மண்டபம் கட்டறவங்க, ஃபால்ஸ் சீலிங் மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டிவிக்கும் ரெண்டு கேட்6 இழுத்து விடுங்க, கூட ஒரு காலி பைப்பும். மெயின் ஹாலும் டைனிங் ஹாலும் தனித்தனி பில்டிங்கா இருந்தா வெளில செம்பு வயர தொங்க விடாதீங்க, இடி மழைல ரெண்டு பக்க பாக்ஸும் போயிடும், அந்த எடத்துக்கு ஃபைபர் தான். ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிளா வாங்கினா ஒரு முனைல சோர்ஸ், இன்னொரு முனைல டிஸ்ப்ளேன்னு போட்டிருக்கும், பைப்புக்குள்ள விடறதுக்கு முன்னாடி எந்த முனை எந்தப் பக்கம்னு ஒரு தடவ பாத்துக்குங்க, திருப்பி போட்டா படம் வராது, மறுபடி மொத்தத்தையும் உருவணும்.