பச்சையாகவே இருந்த திரையும் நசுங்கிய கேபிளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடைப் பதிவுகளையும் கொதிகலன் அளவீடுகளையும் சேமிக்கும், ஆறு சர்வர்கள் கொண்ட ஹடூப் (தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து சேமிக்கும் மென்பொருள்) ரேக்கை நான் பராமரிக்கிறேன். சென்ற மாதம் இரவுப் பதிவேற்றம் விடியும்வரை இழுக்கத் தொடங்கியது. சர்வர்களின் நிலையைக் காட்டும் அம்பாரி மேலாண்மைத் திரையிலோ எல்லா முனைகளும், அதாவது சர்வர்களும், பழுதில்லை என்று பச்சையாகவே இருந்தன.

வட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன், பழுதில்லை. ஹடூப் இயங்கும் ஜாவாவுக்கான நினைவக ஒதுக்கீட்டைக் கூட்டியதும் வீண்வேலையே.

நான்காம் நாள் எல்லா முனைகளிலும் பிணைய இணைப்பின் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் கட்டளையை இயக்கியபோது, ஐந்தாவது சர்வர் மட்டும் விநாடிக்கு 1000 மெகாபிட்டுக்குப் பதிலாக 100 மெகாபிட்டில் இணைந்திருந்தது. ஹடூப் ஒவ்வொரு தரவுத் தொகுதியையும் இயல்பாக 3 பிரதிகளாக, ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குச் சங்கிலிபோல் கடத்தி எழுதுவதால், இடையில் ஒரு மந்தமான முனை சிக்கினாலும் அந்த எழுத்துப்பணி முழுவதும் அதன் வேகத்திற்கு இறங்கிவிடுகிறது. ஆனால் 3 விநாடிக்கு ஒருமுறை முனைகள் ‘இயங்குகிறேன்’ என்று அனுப்பும் இதயத்துடிப்புச் செய்தி மிகச் சிறியது. அது தவறாமல் போய்ச் சேர்ந்ததால் திரை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

விந்தை என்னவென்றால், சோதிப்பதற்காகச் சர்வரை ரேக்கிலிருந்து முன்னே இழுத்தபோதெல்லாம் வேகம் 1000க்குத் திரும்பியது. உள்ளே தள்ளியதும் மீண்டும் 100. பின்புறக் கேபிள் தாங்கியின் மடிப்பில் கேபிள் நசுங்கியிருந்தது. 1000க்கு நான்கு கம்பி இணைகளும் வேண்டும், 100க்கு இரண்டே போதும் என்பதால், இணைப்பு அறுபடாமல் வேகம் மட்டும் குறைந்திருக்கிறது.

சற்று நீளமான புதிய கேபிளைத் தாங்கிக்கு வெளியே கட்டி, நினைவக அமைப்பைப் பழையபடி மாற்றினேன். அன்றிரவு பதிவேற்றம் நள்ளிரவுக்கு முன்பே முடிந்தது. நானும் நிம்மதியாக உறங்கினேன்.