பொன்னியின் செல்வனில் மரவெட்டிக்கு என்ன வேலை?

குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஸ்ட்ராட்டஜி கேம் செய்ய உட்காரும் பிள்ளைகள் பலர் முதலில் கையில் எடுப்பது பொன்னியின் செல்வன். கதை எல்லாருக்கும் தெரியும், பாத்திரங்கள்மேல் பிரியமும் உண்டு. தேர்வில் குறை சொல்ல முடியாது. ஆனால் டெமோவைத் திறந்தால், மரமும் தங்கமும் சேர்த்துப் படை கட்டும் வழக்கமான ஸ்ட்ராட்டஜி கேம்போலவே, தஞ்சைக் கோட்டை வாசலில் நாலு பேர் மரம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு புதுக் குழுவும் இங்கேதான் வந்து நிற்கிறது. பக் நிறைய, மெனு சரியில்லை என்பதெல்லாம் செய்யச் செய்யச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாத தவறுகளை மட்டும் பார்ப்போம்.

பெயரை மாற்றினால் கதை வந்துவிடாது

நல்ல ஓவியம், நல்ல கோடிங் எல்லாவற்றையும் வீணடிக்கும் தவறு இது. பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. மரம், தங்கம், படைவீடு, வீரன் என்ற பழைய சட்டகத்தை அப்படியே எடுத்து, வீரனுக்கு ‘வேளக்காரப் படை’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பெரிய நிறுவனங்களும் இதைச் செய்தன. 2001-ல் வந்த ஸ்டார் வார்ஸ்: கேலக்டிக் பேட்டில்கிரவுண்ட்ஸ், அந்தச் சட்டகத்தில் ஓடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆட்டத்தின் எஞ்சினில், அதாவது அதை இயக்கும் அதே நிரலில், செய்யப்பட்டது. மரம் கார்பன் ஆனது, தங்கம் நோவா கிரிஸ்டல் ஆனது, கல் தாது ஆனது. ஆட்டம் ஓடியது, ஆடுபவர் மனதில் ஓடியதோ பழைய ஆட்டம்தான்.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவல் உலகத்தை வைத்து 1992-ல் வெஸ்ட்வுட் நிறுவனம் செய்த டியூன் 2-ஐப் பாருங்கள். அந்த உலகத்தின் அரிய வளமான மசாலா (ஸ்பைஸ்) மணலில்தான் கிடைக்கும், கட்டடம் பாறைமேல்தான் நிற்கும். மணலுக்குப் போன அறுவடை வண்டியைப் புழு விழுங்கிவிடலாம். நாவலில் மணலைக் கண்டு மனிதர்கள் படும் பயம், ஆடுபவரின் கைப்பணத்தில் விழும் அடியாக மாறிவிட்டது. இந்த ஆட்டத்தின் மூன்றாம் அணியான ஆர்டோஸ், ஹெர்பர்ட்டின் நாவல்களில் வராத குலம். இருந்தும் அந்த உலகத்தில் பொருந்திப் போகிறது, காரணம் விதி சரியாக அமைந்ததுதான்.

ஆகவே கோடிங்கில் ஒரு வரி எழுதுமுன் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: இந்தக் கதையில் எது கிடைப்பது அரிது? எதற்குப் பயப்படுகிறார்கள்? யாரால் எது முடியாது? ஒவ்வொரு பதிலும் ஒரு விதியாக வேண்டும்.

பொன்னியின் செல்வனில் அரிதாக இருப்பவை செய்தியும் நம்பிக்கையும். சுந்தர சோழர் தஞ்சையில் படுக்கையில். கஜானா பெரிய பழுவேட்டரையர் கையில், கோட்டைக் காவல் சின்னவர் கையில். கரிகாலன் காஞ்சியில், குந்தவை பழையாறையில், அருள்மொழி ஈழத்தில். அருள்மொழியிடம் படை இருக்கிறது. அந்தப் படைக்கு அரிசி போக வேண்டுமானால் பழுவேட்டரையர் மனம் வைக்க வேண்டும். மூன்றாம் கேள்விக்கான விதி இங்கேயே கிடைத்துவிட்டது.

ஓலையை ஒரு யூனிட்டாகவே, அதாவது வீரனைப்போல மேப்பில் நகர்த்தும் ஒரு காயாகவே, செய்யுங்கள். அனுப்பியவர், சுமப்பவர், சேருமிடம், நாள் என நாலு விவரம் போதும். வழியில் பிடித்தவர் படிப்பார். படித்ததைக் காட்டிக்கொள்ளாமல் மேலே போகவும் விடலாம். பழுவூர் பனை இலச்சினை மோதிரம் கையில் இருந்தால் கோட்டைக் கதவு திறக்கும். அதையே ஒருவர் மூன்றாம் முறை காட்டினால் காவலனுக்குச் சந்தேகம் வரட்டும்.

பிறகு அட்டைத் துண்டுகளில் எழுதி, மூன்று பேர் ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். அடுத்து எல்லாப் பெயரையும் அடித்துவிட்டு அ, ஆ, இ என்று மட்டும் போட்டு, நாவல் படித்த ஒருவரிடம் கொடுங்கள். எது பழுவூர், எது பழையாறை என்று அவரால் சொல்ல முடியவில்லையென்றால் உங்களிடம் இருப்பது வெறும் சட்டை மாற்றம். இதை அட்டையிலேயே கண்டுபிடிக்க வேண்டும். எதிராளியாக ஆடும் கணினி (ஏ.ஐ.) எதை முதலில் கட்டுவது, எந்த யூனிட்டுக்கு என்ன விலை, திரையில் மேலே எந்த எண் தெரிவது, எல்லாம் வளத்தைச் சுற்றியே எழுதப்படுகின்றன. வளத்தைப் பாதியில் மாற்றினால் ஓவியமும் இசையும்தான் மிஞ்சும்.

நாயகன் சாகலாமா?

வந்தியத்தேவன் ஐந்தாம் நிமிடத்தில் செத்தால் கதை போச்சு. சாகவே மாட்டான் என்றால் பயம் போச்சு. 2016-இன் டோட்டல் வார்: வார்ஹாமர் ஆட்டத்தில் புகழ்பெற்ற தலைவர்கள் போரில் விழுந்தால் காயம்பட்டவர்களாகிச் சில சுற்று கழித்துத் திரும்புவார்கள். நமக்கு நாவலே வழி தருகிறது: பாதாளச் சிறை, அல்லது நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் காய்ச்சலோடு கிடப்பது. கரிகாலன் விஷயத்தில், கடம்பூர் மாளிகைச் சந்திப்பு நடந்தே தீர வேண்டும். அதன் முடிவைப் பூட்டிவிடாதீர்கள். பூட்டினால் அதுவரை ஆடுபவர் எடுத்த முடிவுகளுக்கு எந்தப் பொருளும் இருக்காது.

தூரத்தைக் கட்டத்தில் எண்ணாதீர்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் 46 கி.மீ. ஏற ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, இறங்க மூன்றரை மணி. அதே தண்டவாளம், இரண்டு விலை. மேப்பிலும் பாதைக்குத் திசைவாரியாக நாள் கணக்கு போடுங்கள். ஈழக் கடலுக்குக் காற்றையும் சேருங்கள்.

உரிமை

கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமையாயின. நாவல் வரிகளை எடுத்தாளலாம். 2022-இல் வந்த படத்தின் உடை, நகை, இசை, நடிகர் முகச்சாயல் எதையும் தொடக் கூடாது. தொடராக வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்களின் உரிமையைத் தனியாக விசாரியுங்கள். வெளிநாட்டுக் கதை என்றால் படத்தின் உரிமையா, நூலின் உரிமையா என்று முதலிலேயே கேளுங்கள். 2004-இன் பேட்டில் ஃபார் மிடில் எர்த், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படங்களின் உரிமையில் வந்த ஆட்டம். நூல் உரிமை கிடைத்த பிறகே 2006-இன் இரண்டாம் பாகம் படங்களில் இல்லாத வடபகுதிப் போருக்குள் போக முடிந்தது.

கட்-சீன்

ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடும் கதைக் காட்சி முப்பது வினாடி. அதற்கு மேல் வேண்டாம்.

யூனிட் வசனம்

ஒவ்வொருவருக்கும் எட்டு வரியாவது எழுதுங்கள். மூன்றே வரி என்றால் பத்தாம் நிமிடத்தில் ஒலியை அணைத்துவிடுவார்கள்.

ஆட்டோசேவ்

ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஆட்டம் தானாகச் சேமிக்கப்படட்டும். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

நண்பர்களிடம் மட்டும் சோதிப்பது

இரண்டு பேர் வேண்டும்: நாவலைக் கரைத்துக் குடித்த, கேமே ஆடாத ஒருவர், கேமிலேயே கிடக்கும், நாவல் படிக்காத ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள். முதலாமவர் “பழுவேட்டரையர் இப்படிச் செய்ய மாட்டாரே” என்று சொல்லும் இடத்தையும், இரண்டாமவர் எங்கே சொடுக்குவது என்று தேடும் இடத்தையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு குறிப்பும் ஒரே நிமிடத்தில் விழுந்தால், மறுநாள் வேலை அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.