போகிமொன் போட்டியில் 110ஐ நம்பி ஏமாறாதீங்க

ஹட்டனில் மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிறு. தம்பி போனில், போகிமொன்களை மோதவிடும் இணைய விளையாட்டான போகிமொன் ஷோடவுன் ஆடிக்கொண்டிருந்தான். ஹைட்ரோ பம்ப் என்ற தண்ணீர் அடி இரண்டு முறை குறி தவறி, வெல்ல வேண்டிய ஆட்டம் கைநழுவியது. பக்கத்தில் வைத்த பிளேன்டி ஆறியே போச்சு.

பலம் கூடின அடிதான் நல்ல அடி என்று புதிதாக ஆடுறவங்க நினைக்கிறாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஹைட்ரோ பம்ப் பலம் 110, குறி (அடி படும் வாய்ப்பு) 80 சதவீதம், சராசரி 88. இன்னொரு தண்ணீர் அடியான சர்ஃப் பலம் 90, குறி 100 சதவீதம், சராசரியும் 90. மின்சார அடியான தண்டர் இன்னும் மோசம்: 110க்கு 70 சதவீதம், சராசரி 77தான். இன்னொரு மின்சார அடியான தண்டர்போல்ட் 90, குறி 100. ஆட்டத்துக்குள்ளே மழை இறங்கியிருந்தால் மட்டும் கதை வேறு, அப்போ தண்டர் குறி தவறாது. 90 பலத்தில் எதிரி கொஞ்ச உயிரோடு தப்பிவிடுவான், 110ல் ஒரே அடியில் விழுவான் என்றால் ஹைட்ரோ பம்ப்பைத் துணிந்து எடுக்கலாம். மற்ற நேரத்தில் சர்ஃப்தான் என் தெரிவு.

களத்தில் நிற்கும் போகிமொனை மாற்றினால் ஒரு சுற்று வீண் என்பதும் தப்பு. களத்தில் நிற்கும் உங்க சாரிசார்டு என்ற போகிமொனுக்கு தண்டர்போல்ட் வரப்போகுது என்று தெரிந்தால், நிலவகை போகிமொனான கார்ச்சாம்பை இறக்குங்க. நிலவகைக்கு மின்சாரம் துளியும் படாது. வீணாவது எதிரியின் சுற்றுதான்.