மாட்டிடமிருந்து தொற்றும் காசநோய்: நடால் தொழுவங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று உலகுக்கு அறிவித்த ராபர்ட் காக், 1901இல் லண்டனில் கூடிய காசநோய் மாநாட்டில், மாட்டுக்கு வரும் காசநோய் மனிதரைத் தொற்றுவது மிக அரிது என்றும், அதற்கெனத் தனியாகத் தடுப்பு முறைகள் தேவையில்லை என்றும் பேசினார். கிருமியைக் கண்டவரே சொல்லிவிட்டார் என்று பலர் நம்பினார்கள். ஆனால் பிரிட்டிஷ் அரசு அமைத்த ராயல் கமிஷன் பத்தாண்டுகள் ஆராய்ந்து, மாட்டுக் கிருமி மனிதரைத் தொற்றும் என்றும், முக்கியமாகப் பால் வழியே குழந்தைகளைத் தொற்றும் என்றும் 1911இல் முடிவு சொன்னது. நூறாண்டுக்கு மேல் கழிந்த பின்னும் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்துத் தொழுவங்களிலும் இறைச்சிக் கூடங்களிலும் வேலை செய்பவர்களில் பலர் காக் செய்த அதே தவறைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். காசநோய் என்றால் மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது என்று முடிவு கட்டி, மாட்டைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்த நாட்டில் அப்படி எண்ணுவதற்குக் காரணமும் இருக்கிறது. காசநோய்ச் சுமை மிகுந்த நாடுகளுள் தென்னாப்பிரிக்காவும் ஒன்று என்பதால், ஒருவருக்கு இருமல் வந்தால் டாக்ஸியில் பக்கத்தில் உட்கார்ந்தவரையோ வீட்டில் ஏற்கனவே மாத்திரை சாப்பிடுபவரையோதான் சந்தேகிப்போம்; பெரும்பாலும் அந்தச் சந்தேகம் சரியாகவும் இருக்கும். ஆனால் மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்னும் மாட்டுக் கிருமி, மனிதக் கிருமியின் மிக நெருங்கிய உறவு. மனித உடலில் அது உண்டாக்கும் நோயைப் பார்த்தோ தொட்டோ பிரித்தறிய முடியாது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1,40,000 பேர் இவ்வாறு விலங்கு வழிக் காசநோய்க்கு ஆளானார்கள் என்றும், அவர்களுள் சுமார் 11,400 பேர் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

நோயின் பெயரே ஒரு தவறுக்கு வழி செய்கிறது. காசம் என்றால் இருமல். ஜூலு மொழியில் இதை 'இசிஃபோ சொஃபுபா', அதாவது மார்பு நோய், என்கிறார்கள். இருமல் இல்லையென்றால் இந்த நோய் இல்லை என்று இரு மொழிக்காரர்களும் எண்ணிவிடுவது இயல்பே. மாட்டின் மூச்சை உள்ளிழுத்துத் தொற்றினால் நுரையீரலைத்தான் பிடிக்கும் என்பது உண்மை. பாலோடு வயிற்றுக்குள் போன கிருமியோ பெரும்பாலும் கழுத்து நெறிகளிலும் குடலிலும், சில வேளைகளில் எலும்பிலும் போய்த் தங்குகிறது. வலியில்லாமல் கழுத்தில் நெறி கட்டி, வாரக்கணக்கில் வற்றாமல் இருந்து, பிறகு உடைந்து சீழ் வடிவதை நம் பழைய வைத்தியர்கள் கண்டமாலை என்றார்கள். கொட்டகையில் வேலை செய்பவருக்கோ அவருடைய பிள்ளைக்கோ அப்படி ஒரு கட்டி வந்தால், பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

அடுத்தது, மாட்டின் தோற்றத்தை நம்புவது. மாடு கொழுத்து, மினுமினுவென்று, வேளை தவறாமல் கறந்துகொண்டிருந்தால் அதற்கு நோயில்லை என்று நினைக்கிறோம். இளைப்பு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், விடியற்குளிரில் ஈரமான இருமல் ஆகியவை நோய் முற்றிய பிறகே தெரியும். தொற்றிய மாடுகளில் பெரும்பாலானவை வெளியே எதுவும் காட்டுவதில்லை. கண்டுபிடிக்க வழி தோல் சோதனைதான். கழுத்துத் தோலின் தடிப்பை அளந்து, டியூபர்குலின் என்னும் கிருமிப் புரதச் சாற்றைத் தோலுக்குள் ஏற்றி, 72 மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பார்கள். இந்தச் சோதனைக்கும் கண் மறையும் இடங்கள் உண்டு: அண்மையில் தொற்றிய மாடும், அண்மையில் கன்று ஈன்ற பசுவும், நோய் மிக முற்றிய மாடும் தொற்று இருந்தும் இல்லை என்று காட்டலாம். ஆகவே ஒரு தடவை சுத்தம் என்று வந்த தாளைச் சட்டம் போட்டு மாட்டி வைத்துக்கொண்டு ஆண்டுகளை ஓட்டுவது தவறு. ஏலத்தில் வாங்கிய மாட்டை அன்று மாலையே மற்ற மாடுகளோடு கட்டுவது அதைவிடப் பெரிய தவறு. தனியே கட்டி, சோதித்து, முடிவு வந்த பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும்.

சோதனையில் சிக்கிய மாட்டுக்கு ஊசி போட்டுக் குணப்படுத்திவிடலாம் என்பது ஒரு வீண் ஆசை. மாட்டுக் காசநோய்க்கு மருத்துவம் செய்வது வழக்கத்தில் இல்லை. 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் இது அரசுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நோய் ஆதலால், அரசுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து அவர் சொல்வதைச் செய்ய வேண்டும். நட்டத்துக்கு அஞ்சி அந்த மாட்டைச் சத்தமில்லாமல் அடுத்த ஊர்க்காரருக்கு விற்பவர் இந்த நோயின் தரகராகிவிடுகிறார். வடக்கே ஹ்லுலுவே-இம்ஃபொலோசி பூங்காவின் காட்டெருமைகளிடமும், 1990இலிருந்து குரூகர் பூங்காவின் காட்டெருமைகளிடமும் இதே கிருமி இருப்பது தெரிந்திருப்பதால், வேலியோரத்தில் மாடு மேய்ப்பவர்கள் சோதனையை ஒருபோதும் தள்ளிப் போடக் கூடாது.

இனிப் பாலுக்கு வருவோம். தவறுகள் மிகுதியாக நடக்கும் இடம் இதுதான். கறந்த சூட்டோடு குடிக்கும் பாலுக்கு ஈடில்லை என்று சொல்லிச் சொம்பை மடியடியிலேயே பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சூடு பசுவின் உடற்சூடு, ஏறக்குறைய 38 அல்லது 39 பாகை. கிருமி சுகமாக வாழ்வதும் அந்தச் சூட்டில்தான். அதைக் கொல்ல 63 பாகையில் 30 நிமிடமோ 72 பாகையில் 15 நொடியோ வேண்டும் என்பது பாஸ்டர் முறையின் கணக்கு. வீட்டில் வெப்பமானி தேவையில்லை: பால் கொதித்துப் பொங்கி எழும்வரை காய்ச்சினால் போதும். காப்பிக்கு வெதுவெதுப்பாகச் சுட வைத்துவிட்டு, காய்ச்சியாயிற்று என்று சொல்லக் கூடாது. நன்றாகக் காய்ச்சிய பாலில் மாடுகளின் கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸ் கிருமியும் அழிந்துவிடுகிறது என்பதால், ஒரே அடுப்பில் இரண்டு காரியம் முடிகிறது.

புளிக்க வைத்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஜூலு நண்பர்கள் விரும்பி உண்ணும் அமாசி என்னும் புளித்த பால், கடையில் வாங்கியதாக இருந்தால் பெரும்பாலும் பாஸ்டர் முறையில் பதப்படுத்திய பாலில் செய்தது. பண்ணையில் பச்சைப் பாலை அப்படியே புளிக்க வைத்ததாக இருந்தால், அந்தப் புளிப்பை நம்ப முடியாது. நம் வீடுகளில் பாலைக் காய்ச்சி, ஆற வைத்து, பிறகு உறை ஊற்றுவது இந்த விஷயத்தில் நம் பாட்டிமார் நமக்கு விட்டுச் சென்ற நல்ல காப்பு. ஆனால் உறைமோர் தீர்ந்துபோன நாளில் பக்கத்துக் கொட்டகையிலிருந்து பச்சைப் பால் அமாசியில் ஒரு கரண்டி வாங்கி உறை ஊற்றினால், காய்ச்சி அழித்த கிருமியை நாமே திரும்ப உள்ளே விட்டவர்களாவோம். மாரியம்மன் கூழுக்குக் கலக்கும் மோருக்கும் இதே கணக்குத்தான். சீம்பாலை அரைகுறையாக ஆவியில் வைத்து எடுப்பதையும் இத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். பிட்டு நடுவரை நன்றாக வெந்திருக்க வேண்டும்.

கோயில் பாலைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தைப்பூசக் காவடிக்குப் பண்ணையிலிருந்து நேரே பால் கொண்டு வருவதைச் சிலர் புண்ணியமாகக் கருதுகிறார்கள், அதில் குறை காண்பது என் நோக்கமன்று. அபிஷேகம் முடிந்த பாலைத் தீர்த்தமாகக் கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுக்கும் வழக்கம் உள்ள கோயில்களில், முதலிலேயே காய்ச்சி ஆற வைத்த பாலையோ பதப்படுத்திய கடைப் பாலையோ குடத்தில் ஊற்றினால் சாமிக்கும் குறைவில்லை, குழந்தைக்கும் கேடில்லை. பச்சைப் பால்தான் வேண்டும் என்று பூசாரி வற்புறுத்தினால், தீர்த்தத்துக்கு மட்டும் வேறு பால் வைத்துக்கொள்ளலாம்.

கொட்டகையைப் பொறுத்தவரை, மிட்லண்ட்ஸ் பகுதியின் குளிர்காலத்தில் மாட்டுக்குக் குளிருமே என்று எல்லாப் பக்கமும் அடைத்து விடுவதுதான் பெரிய தவறு. மாடுகளிடையே நோய் முதன்மையாக மூச்சின் வழியே பரவுவதால், அடைத்த கொட்டகையில் மாட்டுக்கும் கறப்பவருக்கும் ஒரே காற்று. வெயிலில் விரைவில் சாகும் கிருமி, நிழலும் ஈரமும் உள்ள மூலையில் வாரக்கணக்கில் தாங்கும்.

இறைச்சிக் கூடத்தில் மஞ்சள் நிறத்தில் கட்டிதட்டிய நெறிகளைக் கண்டால், அந்த இடத்தை மட்டும் அறுத்தெறிந்துவிட்டு வேலையைத் தொடரக் கூடாது. இறைச்சிப் பரிசோதகரை அழைக்க வேண்டும். அந்தக் கட்டியைக் கத்தியால் கீறிப் பார்ப்பதும், அழுத்தமான குழாய்த் தண்ணீரால் பீய்ச்சியடிப்பதும் கிருமியைக் காற்றில் தூவுவதற்குச் சமம். சடங்குக்காக வீட்டில் மாடு அறுப்பவர்களுக்குப் பரிசோதகர் யாரும் இல்லையாதலால் அவர்களே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியாகவும் தோலில் தொற்றலாம் என்பதால் கையுறை அவசியம். கோவிட் காலத்தில் வாங்கி வைத்த மெல்லிய துணி முகக்கவசம் நம் எச்சில் பிறர்மேல் தெறிக்காமல் தடுக்குமே தவிர, நுண்ணிய துளிகளை நாம் இழுக்காமல் தடுக்காது. அதற்கு முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 வகை வேண்டும்.

கிளினிக்கில் நடக்கும் தவறு ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விடுவது: "நான் மாட்டோடு வேலை செய்கிறேன்." சளியைக் கண்ணாடித் தகட்டில் பார்க்கும் சோதனையோ ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையோ காசநோய் உண்டு என்று சொல்லும், மனிதக் கிருமியா மாட்டுக் கிருமியா என்று சொல்லாது. அதைப் பிரித்தறியக் கிருமியை வளர்த்து மேலும் சோதிக்க வேண்டும். ஆய்வகத்தில் கிருமியை வளர்க்கும், கிளிசரின் கலந்த வழக்கமான ஊடகத்தில் மாட்டுக் கிருமி சரியாக வளர்வதுமில்லை. ஆய்வகத்துக்கு முன்கூட்டித் தெரிந்தால்தான் அதற்கேற்ற ஊடகத்தில் வளர்ப்பார்கள். முதல் இரண்டு மாதங்களில் கொடுக்கும் நான்கு மருந்துகளுள் ஒன்றான பைரசினமைடு, மாட்டுக் கிருமியிடம் இயற்கையிலேயே செல்லுபடியாகாது என்பதால் இந்தத் தகவல் வெறும் படிப்பறிவுக்கானது அன்று. மருந்தையும் காலத்தையும் மருத்துவர் மாற்றியமைக்க வேண்டியிருக்கலாம். அரசுக் கிளினிக்குகளில் காசநோய் மருந்து இலவசம். எச்ஐவி உள்ளவர் இருமல் இரண்டு வாரம் நீடிக்கட்டும் என்று காத்திராமல், தொடங்கியதுமே போக வேண்டும். சிறு வயதில் பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றே என்று இருப்பதும் சரியன்று. அது குழந்தைகளைக் கடுமையான வகைகளிலிருந்து காக்கிறதே ஒழிய, பெரியவர்களுக்கு உறுதியான காப்பு அன்று. அந்தத் தடுப்பூசியே மாட்டுக் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் வளர்த்து வீரியம் குறைத்து உருவாக்கியது என்பது பலருக்குத் தெரியாது.

கால்நடை மருத்துவரும் கிளினிக் தாதியும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. இருவருக்கும் நடுவே போய்வருபவர் தொழிலாளி ஒருவர்தான். தொழுவத்தில் சோதனையில் மாடு சிக்கினால் அவர் அதைக் கிளினிக்கில் சொல்லித் தம்மையும் வீட்டாரையும் சோதித்துக்கொள்ள வேண்டும். தமக்குக் காசநோய் என்று தெரிந்தால் அதைத் தொழுவத்திலும் சொல்ல வேண்டும். ஏனென்றால் கிருமி எதிர்த்திசையிலும் போகிறது: இருமும் மனிதரிடமிருந்து மாட்டுக்குத் தொற்றுவதுண்டு. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவர் வாயை மூடிக்கொண்டால், நோயுற்ற மாடுகளையெல்லாம் கழித்துச் சுத்தமாக்கிய மந்தையிலும் அடுத்த சோதனையில் புதிதாக ஒரு மாடு சிக்கக்கூடும். அப்போது எல்லோரும் வேலியையும் ஏலத்தையும்தான் சந்தேகிப்பார்கள்.